சாயங்கால மில்லின் மஞ்சள் புகை

காவிரி கடலைப் பார்ப்பதற்குள் களைத்துப்போய்ப் பத்துப் பதினைந்து வாய்க்கால்களாகப் பிரிந்து நடக்கிற இடத்தில் பூவத்தடி என்று ஓர் ஊர் உண்டு, அந்த ஊருக்குக் கிழக்கே வயலுக்கு நடுவில் ஒரு மின்நிலையம் உண்டு, அந்த மின்நிலையத்துக்கு வேலை செய்கிற நேரத்தைவிடத் தூங்குகிற நேரம்தான் அதிகம். மண்ணுக்கு அடியிலிருந்து வரும் எரிவாயுவைக் குழாயில் வாங்கி வைத்துக்கொண்டு பகலெல்லாம் சும்மா கிடக்கும். மாலையானதும் மாநிலம் முழுக்க விளக்கும் விசிறியும் ஏசியும் ஒரே மூச்சில் போடப்பட்டு, மற்ற நிலையங்கள் எல்லாம் சேர்ந்து தள்ளியும் போதாமல் போகிறபோது, சென்னையிலிருந்து ஒரு போன் வரும். போன் வந்த பத்தாவது நிமிடம் அது விழித்துக்கொண்டு ஊளையிடும். ஒன்பது மணிக்கு மறுபடி படுத்துக்கொள்ளும். பெரிய கட்டடம் எதுவானாலும் மில் என்பது அந்தப் பக்கத்து வழக்கமாதலால் ஊரார் அதற்குச் சாயங்கால மில் என்று பேர் வைத்திருந்தார்கள். அழைத்தால்தான் எழுந்து வரும் என்பதால் புதுமாப்பிள்ளை என்று சொல்பவர்களும் இருந்தார்கள்.

விழிக்கும்போது மட்டும் அதன் புகைபோக்கியில் மஞ்சளாகப் புகை வரும், ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். பிறகு கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு சித்திரை மாத வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு எழும்பிய புகை கலையவில்லை. அது மேலே போக மனமில்லாமல் வயல்மீது தணிந்து, வாய்க்காலைத் தாண்டி, ஊருக்குள் வந்து தெருத்தெருவாகப் பிரிந்து, வாசல் வாசலாக நின்றது. அது நின்ற இடத்திலெல்லாம் அந்தந்த வீட்டில் செத்துப்போனவர்கள் நின்றார்கள். மேலத்தெருவில் ஊராட்சித் தலைவர் வரதப்பனின் தம்பி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் வரப்புத் தகராறில் பாதியில் விட்டுப்போன வசவைத் தொடர்வதற்காகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூடத்துக்குள் நுழைந்தார். வரதப்பனும், நல்லவேளையாக, விட்ட இடத்தை மறக்காமல் இருந்தார்.

கீழத்தெருக் கடைசி வீட்டில் வேம்பு அப்போதுதான் சாதம் வடித்து நிமிர்த்தி வைத்திருந்தாள். முப்பத்தாறு வயது; சாயங்கால மில்லில் புகையை அளக்கிற வேலை. புகைபோக்கியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கீழே ஒரு சின்ன அறைக்கு வரும், அந்த அறையில் ஒரு கருவி இருக்கும், அது புகையில் எவ்வளவு நஞ்சு என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் சென்னைக்கும் போகும், மில் வாசலில் தொங்கும் பலகையில் சிவப்பு எழுத்திலும் ஓடும். கருவி பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் வேம்புவுக்குச் சம்பளம்; பகல் ஷிப்ட், ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். கணவன் கலியமூர்த்தி மஸ்கட்டில் இருந்தான். ஒன்பது வயது மகள் அல்லி கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் ஆஸ்பத்திரிக் கவுனோடு நின்றவள் மூத்தவள் கயல்.

"ம்மா, மணி ஆறாயிடுச்சா?" என்றாள் கயல்.

நாலு வருஷத்துக்கு முன்னால், டெங்கு காய்ச்சலில் பெரியாஸ்பத்திரியில் கிடந்த கயல், வேலைக்குக் கிளம்பிய வேம்புவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எப்ப வருவே என்று கேட்டாள். ஆறு மணிக்கு வந்திடுறேன்டி என்று வேம்பு சொன்னாள். அன்றைக்கென்று மில்லைச் சீக்கிரம் போட்டார்கள். புகையை அளக்காமல் நகரக்கூடாது என்றார்கள். அளந்துவிட்டுப் பஸ் பிடித்து வேம்பு வந்து சேர்ந்தபோது மணி ஏழு. பக்கத்துக் கட்டில்காரம்மாதான் கயலின் கண்ணை மூடிவிட்டிருந்தாள். "மணி ஆறாயிடுச்சா, ஆறாயிடுச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சும்மா பாவம்" என்று அந்தம்மா சொன்ன நாளிலிருந்து, மாலையானால் வேம்பு யார் வாயிலும் மணி என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டாள்.

"ஆயிடுச்சு சாமி. உள்ள வா" என்றாள் வேம்பு.

கயல் வந்து அல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளை ஏறஇறங்கப் பார்த்தாள். கயலுக்கு இன்னும் ஏழு வயதுதான். "பாப்பா ஏம்மா இவ்ளோ ஒசந்துட்டா?" என்றாள். அல்லி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தன்னைவிடக் குட்டையாக இருந்த அக்காவிடம், பள்ளிக்கூடத்தில் புது ஆளுக்குப் பேசுவதுபோல் மெதுவாக, "நீ உக்காரு, நான் கேரம் போர்டு எடுத்தாரேன்" என்றாள். வேம்பு தட்டில் சாதம் போட்டு வைத்தாள். கயல் தொடவில்லை. குனிந்து ஆவியை மட்டும் மூக்கால் இழுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இழுத்தாள், போதும்மா என்றாள். அந்தச் சாதத்தைப் பிறகு வேம்பு சாப்பிட்டபோது அதில் ருசி இருந்தது, வாசம் இல்லை.

ஒன்பது மணிக்கு மில் அடங்கியது. ஊரெங்கும் பாதிப் பேச்சில் ஆட்கள் இல்லாமல் போனார்கள்.

பூவத்தடி பயந்துபோயிருக்கும் என்று நினைப்பவர்களுக்குப் பூவத்தடியைத் தெரியாது. ஒரு வாரத்துக்குள் ஊர் தன் நேரத்தையெல்லாம் மாற்றிக்கொண்டது. கோயிலில் சாயரட்சை பூஜை ஐந்து மணிக்கு முன்தள்ளப்பட்டது. டீக்கடைகள் ஆறு மணிக்குக் கதவைச் சாத்தின. பெண் பார்க்க வந்தவர்கள், செத்த தகப்பனார்கள் எதிரிலேயே ஒப்புதல் கேட்டுத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். பட்டா எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த மூன்று குடும்பங்கள், வைத்தவரையே கேட்டு வாங்கிக்கொண்டு வக்கீலை நிறுத்தின. மாமியார்களைத் திரும்பப் பெற்ற மருமகள்கள் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அதுவும் ஒன்பது மணிக்கு மேல். ஊர் முழுக்கச் சோறு வாசம் இல்லாமல் போனதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஊறுகாய் கொஞ்சம் கூடுதலாகத் தொட்டுக்கொண்டார்கள்.

கலியமூர்த்தி மஸ்கட்டிலிருந்து வீடியோவில் வந்தான். வேம்பு போனைத் திருப்பிக் காட்டினாள். போனில் கேரம் போர்டும், அதன் ஒரு பக்கம் அல்லியும், மறுபக்கம் வெறும் பாயும்தான் தெரிந்தன. "தெரியுதாங்க?" என்று கேட்டாள். அவன் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். பிறகு "தெரியுது, தெரியுது. எளச்சுப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். தெரியவில்லை என்பது வேம்புவுக்குத் தெரியும்.

மின்சாரம் போதாமல் போனால்தான் மில் ஓடும் என்பது ஊருக்குத் தெரிந்த சங்கதி. எனவே போதாமல் போகச் செய்துவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார்கள். ஐந்தே முக்கால் ஆனதும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டார்கள், ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தார்கள், இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார்கள், திருவிழா சீரியல் பல்புகளைச் சித்திரையிலேயே வேப்பமரத்தில் சுற்றினார்கள், அரிசி போடாமலே கிரைண்டரை ஓடவிட்டார்கள். இதற்குக் கூப்பிடுவது என்று பேர். "என்னாக்கா, கூப்புட்டாச்சா?" என்று வேலிக்கு வேலி விசாரித்துக்கொண்டார்கள். பூவத்தடியே திரண்டு கூப்பிட்டாலும் சென்னையில் இருக்கிற மீட்டரில் ஓர் எறும்பு ஊர்ந்த அளவுக்குக்கூடத் தெரியாது என்பதும், கோடை முற்றிக் கிரிக்கெட்டும் நடப்பதால்தான் தினம் போன் வருகிறது என்பதும் மில்லில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. வேம்புவும் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, அவளும் கல் தேயாமலிருக்க ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் தன் கிரைண்டரைத் தினம் ஓடவிட்டாள்.

மில்லில் அவள் வேறொன்றும் செய்திருந்தாள். முதல்நாள் எண்ணை அவள் மறுநாள் காலை பார்த்தாள். அந்த மில் தாண்டக்கூடாத எண் நூறு. கருவி நூற்று அறுபது என்றது. ஷிப்ட் இன்ஜினியர் தேவசகாயத்திடம் ஓடினாள். அவர் நாகர்கோவில்காரர், வெறும் டீயும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளுகிறவர்.

"தீயில தண்ணி தெளிக்கிய பம்பு போயிட்டு, கேட்டியளா" என்றார். "உள்ளங்கையளவு ஒரு ரப்பர் வளையம், அது தேஞ்சு போச்சு. தண்ணி இல்லாம தீ கன சூடாயி, காத்தையே எரிக்கி. அந்த மஞ்சளு அதுதான்."

"வளையம் மாத்துனா?"

"மாத்துனா புகை அடங்கிரும். வாறவங்களும் அடங்கிருவாங்கன்னு நினைக்கேன்."

"எழுதிப் போட்டுட்டீங்களா சார்?"

தேவசகாயம் டீயை ஆற்றினார். "காலையில ஊரே வந்து கேட்ல நின்னு கும்புடுது. எனக்க அம்மைய நாகர்கோவில்லதான் அடக்கியிருக்கு, எனக்கு இங்க ஆரும் வரமாட்டாவ. வந்தவங்களைத் தொரத்த எனக்கு என்ன பாத்தியதை இருக்கு, சொல்லுங்க."

வேம்பு கருவி அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக அங்கே ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் அடைத்திருக்கும் வாயுவின் எண் நாற்பத்தெட்டு என்று முன்னமே எழுதி ஒட்டியிருப்பார்கள். சோதிக்கும்போது ஐந்து நிமிடம் திறந்துவிட்டு மூடவேண்டும். வேம்பு புகைபோக்கிக் குழாயை அடைத்தாள், சிலிண்டரைத் திறந்தாள், மூடவில்லை. அன்றிலிருந்து மில் வாசல் பலகையில் நாற்பத்தெட்டு என்று ஓடியது. முதல்நாள் எண்ணைக் கருவிக் கோளாறு என்று எடுத்துக்கொண்ட சென்னைக்காரர்கள் நாற்பத்தெட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நாலாம் நாள் வரதப்பன் பத்துப் பேரோடு அவள் வீட்டுக்கு வந்து, "எப்படியாவது பார்த்துக்கம்மா, ஊரு ஒன்னைத்தான் நம்பியிருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டபோது, ஊருக்காகத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு வசதி கிடைத்தது. அது பொய் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வைகாசி பிறந்தது. வேப்பங்கொழுந்தெல்லாம் நுனி கருகி நின்றது. வருகிறவர்கள் முன்பைவிட அடர்த்தியாக வந்தார்கள். சோற்றின் வாசம் போய்க் குழம்பின் வாசம், குழம்பு போய் மல்லிகையின் வாசம் என்று ஒவ்வொன்றாக இழுத்து முடித்திருந்தார்கள். பிள்ளைகள் இரும ஆரம்பித்தன. அல்லிக்கு முதலில் மூக்கடைப்பு, பிறகு வறட்டு இருமல், பிறகு நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் ஓர் இழுப்பு. கேரம் ஆடும்போது காயைச் சுண்டிவிட்டு மூச்சு வாங்கினாள். கயலுக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் கன்னத்தில் நாளுக்கு நாள் சிவப்பு ஏறியது. அதைப் பார்த்து வேம்பு பூரித்துப்போனாள், பூரித்ததற்காகப் பிறகு தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு அல்லிக்கு உதடு நீலம் பாய்ந்தது. வேம்பு கிரைண்டரைப் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். அள்ளி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

நர்ஸ் பாத்திமுத்து முகமூடியை அல்லியின் முகத்தில் வைத்து மருந்தைப் புகையாக்கும் மெஷினைப் போட்டாள். பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் முறைக்குக் காத்திருந்தன. ஆறு மணிக்கு மில் ஊளையிட்டது. ஐந்தே முக்காலிலிருந்தே ஊர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. குழல்விளக்கு மங்கியது, விசிறி நின்று நின்று சுற்றியது, மெஷின் முனகி முனகிக் குரல் இறங்கி, முகமூடியில் வந்துகொண்டிருந்த மருந்துப் புகை ஒரு நூலாகி நின்றுபோனது.

"வோல்டேஜ் இல்ல" என்றாள் பாத்திமுத்து. "தெனம் இந்த நேரம் இதான். ஒரு ஊரே வெறுங்கிரைண்டரு ஓட்டுனா மெஷினு எங்கேருந்து ஓடும்? இருபத்தேழு புள்ளைங்க இந்த வாரத்துல. என் வூட்டுக்காரவொளுந்தான் வர்றாவொ வேம்பு, பக்கத்துல உக்காந்து பேசுறாவொ. அதுக்காவ இந்தப் புள்ளைய மொகத்த பாக்காம இருக்க முடியுதா?"

வேம்புவுக்குத் தன் வீட்டுக் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரோடு, எதையும் அரைக்காமல், அது அல்லியின் மூச்சை அரைத்துக்கொண்டிருந்தது. அவள் கையால் போட்ட சுவிட்ச் அது.

அப்போது கயல் வந்தாள். வீட்டில் யாருமில்லாததால் தேடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். "ம்மா" என்று சிரித்தபடி பெஞ்சில் ஏறி, அல்லியை ஒட்டி உட்கார்ந்தாள். பாப்பாவுக்கு என்ன என்று குனிந்து பார்த்தாள். அல்லி வாயைத் திறந்து காற்றைத் தேடித் தேடி இழுத்து விட்டாள். விட்ட மூச்சு கயலின் முகத்தில் பட்டது. கயல் கண்ணை மூடிக்கொண்டாள். சாதத்தட்டுக்கு முன்னால் குனிவாளே, அதேபோல் இன்னும் கொஞ்சம் குனிந்து, மூக்கால் மெதுவாக, ஆசையாக, நெடுநேரம் இழுத்தாள்.

அதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. பசித்த பிள்ளை, எதிரில் இருந்தது, இழுத்தது, அவ்வளவுதான். அதனால்தான் வேம்புவால் கத்தக்கூட முடியவில்லை. "கயலு, அம்மாகூட வா சாமி, மில்லு வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றாள். பாத்திமுத்துவைத் திரும்பிப் பார்த்தாள். "நீ போ, நான் விசுறுறேன்" என்று பாத்திமுத்து நோயாளிக் குறிப்பு அட்டையை எடுத்து அல்லியின் முகத்துக்கு நேரே விசிற ஆரம்பித்திருந்தாள்.

வாய்க்கால் கரையோடு இருவரும் நடந்தார்கள். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஊரின் எல்லா விளக்கும் எரிந்தும் எல்லாம் மங்கலாகத்தான் எரிந்தன. கயலின் கை வேம்புவின் கைக்குள் இருந்தது, கதகதப்பாக இருந்தது. அந்தக் கதகதப்பு யாருடையது என்பது இப்போது வேம்புவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் விடவில்லை. மில் கேட்டில் கயல் நின்றுகொண்டாள். பலகையில் நாற்பத்தெட்டு என்று ஓடியது.

"நீ உள்ள வேலைக்குப் போறியாம்மா?"

"ஆமாஞ்சாமி."

"அப்ப நாளைக்கு எப்ப?"

வேம்பு குனிந்து அவள் கவுனின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டி முடித்ததை இன்னொருமுறை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு நிமிர்ந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, "ஆறு மணிக்கு" என்றாள்.

"செரி" என்றாள் கயல். அவள் நம்பினாள்.

வேம்பு கருவி அறைக்குப் போய்ச் சிலிண்டரை மூடினாள், புகைபோக்கிக் குழாயைத் திறந்தாள். ஒரு நிமிடம் கருவி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுபது என்றது, நூற்று முப்பது என்றது, இருநூற்றுப் பதின்மூன்று என்று போய் நின்றது. சென்னையிலிருந்து போன் வந்தது. தேவசகாயம் எடுத்து, "ஆமா சார், ஆமா சார், நெசந்தான் சார்" என்று நாலு தடவை சொல்லிவிட்டு, மில்லை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். மணி ஆறு நாற்பத்தைந்து. கேட்டில் நின்றிருந்தவள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாளா, இந்தப் பக்கம் பார்த்து நின்றாளா என்று வேம்பு போய்ப் பார்க்கவில்லை.

ஊர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தது; ஒரு மணி நேரத்தில் வோல்டேஜ் வந்தது, மெஷின் ஓடியது, அல்லியின் உதட்டில் நிறம் வந்தது.

ரப்பர் வளையம் இரண்டு நாளில் வந்து சேர்ந்தது. தேவசகாயமே மாட்டினார். ஊர் வேம்புவைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. யாரும் அவளிடம் பேசவில்லை. வரதப்பன் மட்டும் எதிரில் வந்தவர் நின்று, "தம்பிகிட்ட இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்ல வேண்டியிருந்திச்சும்மா" என்றார். அது வசவா வேறு எதாவதா என்று அவர் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்குப் பூவத்தடி வழக்கம்போலக் கூப்பிட்டது. மோட்டார்கள் ஓடின, ஃப்ரிட்ஜுகள் திறந்தன, வேப்பமரத்தில் சீரியல் பல்புகள் ஓடிப்பிடித்து விளையாடின. வேம்பு தன் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாள். ஆறு மணிக்கு மில் ஊளையிட்டது. ஊரே வாசலில் நின்று கிழக்கே பார்த்தது. புகைபோக்கியில் ஐந்து நிமிடம் எழும்பிய மஞ்சள் மேலேயே கலைந்துபோனது, பிறகு வானம் வெறுமனே இருந்தது, ஒன்றுமே இல்லை, சூட்டில் காற்று மட்டும் லேசாக நெளிந்தது. பலகையில் நாற்பத்தொன்று என்று ஓடியது, அது நிஜம். ஆறேகால் வரை நின்றார்கள். பிறகு ஒவ்வொரு வீடாக மோட்டார் நின்றது, கிரைண்டர் நின்றது, தெருவிளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

வேம்பு சாதத்தை வடித்து நிமிர்த்தி மூடியைத் திறந்தாள். வாசம் எழும்பியது. புழுங்கலரிசிச் சோற்றின் வாசம், ஒன்றரை மாதமாக ஊரில் இல்லாத வாசம், அடுப்படியை நிறைத்துக் கூடத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டிலிருந்தும் வந்தது, எதிர்வீட்டிலிருந்தும் வந்தது, தெரு முழுக்க அதுதான். யார் வீட்டிலோ யாரோ சத்தமாக அழுதார்கள்.

"என்னம்மா அரிசி இது? இன்னிக்கு இவ்ளோ வாசமா இருக்கு" என்றாள் அல்லி. மூச்சு வாங்காமல், பேச்சு நிறுத்தாமல், மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கடைசிக் கவளத்தில் நிறுத்தி, "அக்கா வரலியா?" என்று கேட்டாள். வேம்பு ரசம் ஊற்றினாள்.

அல்லி எழுந்து கைகழுவப் போனதும், வேம்பு சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நிலைப்படிக்குப் பக்கத்தில், வாசலைப் பார்க்க வைத்தாள். மூடியைத் தூர வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எங்கேயோ ஒரு பிள்ளை மணி ஆறாயிடுச்சா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு மணி வரை அவள் பானையை மூடவில்லை. வாசம் கொஞ்சமும் குறையவில்லை.